பெருங்காய டப்பாவில் இருந்தவை

நீலாவை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது அவள் அரிவாள்மனையில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து ஒரு மாத்திரையை இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். காலை ஆறேமுக்கால் இருக்கும். நான் கீரை வாங்கப் பையை எடுக்க சமையலறைக்குள் போனேன். கீரைத்தண்டை அரிகிற அதே அரிவாள், அதன் அடிப்பக்கத்து மொண்ணையில் அந்த வெள்ளைப் பொட்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். டக்கென்று ஒரு சத்தம். "என்ன நீலா பண்றே?" என்றேன். "முழுசாப் போட்டா தொண்டையில நிக்குதுங்க, அதான்" என்றாள். நான் சரி என்றேன். பையை எடுத்தேன். கீரை வாங்கிக்கொண்டு அப்படியே நூலகத்துக்குப் போய்விட்டேன், ஒன்பது மணிக்குத் திரும்பினேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். பிரஷர் என்றார்கள். அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் விழுந்து கிடந்த இடத்துக்கும் நடுவில் நாலு அடிகூட இல்லை. தொண்டையில் நிற்கிறது என்றாள், நான் சரி என்றேன். அந்த மாத்திரை துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். துவரம்பருப்பைவிடச் சின்னது. எனக்கும் அதே மாத்திரைதான், அதே பெயர், அதே அளவு, பத்து வருஷமாக நானும் விழுங்குகிறேன். அது யார் தொண்டையிலும் நிற்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சரி என்றேனா, பையைத் தேடுகிற அவசரத்தில் சரி என்றேனா, இதை மட்டும் பதினாலு மாதமாக என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

என் டோக்கன் பதினாலு. உள்ளே ஒன்பது போயிருக்கிறது. பிரிசில்லா டாக்டரின் கிளினிக்கில் எதுவும் மாறவில்லை, எடை பார்க்கிற மெஷின், கண் பரிசோதிக்கிற எழுத்து அட்டை, நடுவில் மட்டும் ஒரே ஒரு மின்விசிறி. நீலா வந்தால் அந்த மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலி காலியாகும்வரை நின்றுகொண்டே இருப்பாள். அதில் உட்கார்ந்த பிறகு என்னிடம்கூடப் பேசமாட்டாள். ஏதாவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டே, "சும்மா இருங்க, பேசினா ஏறிடும்" என்பாள். பிரஷர் ஏறிவிடுமாம். நான் சிரித்தால் அதற்கும், "சிரிக்க வைக்காதீங்க, அதுக்கும் ஏறும்." இப்போது நான் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வந்ததும் கால்கள் தானாக இங்கேதான் வந்தன. மடியில் துணிப்பை. பைக்குள் எங்கள் இருவரின் பழைய சீட்டுகள், என் மாத்திரை அட்டை, அப்புறம் அந்தப் பெருங்காய டப்பா. காட்டலாம். காட்டாமலும் இருக்கலாம். டப்பா பைக்குள் இருப்பது டாக்டருக்குத் தெரியாது. இடது கையை விரித்து மூடிப் பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. விரல்கள் சொன்னபடி கேட்கின்றன. அன்றைக்கு மட்டும்தான் கேட்கவில்லை, வியாழக்கிழமை, இன்றோடு மூன்று வாரம். சவரம் செய்துகொண்டிருந்தேன். இடது கையில் பிடித்திருந்த சோப்புக் கிண்ணம் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனால் கை கிண்ணத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். நுரைக்கு நடுவே வாயின் ஒரு ஓரம் தொங்கிக்கொண்டிருந்தது. பேச்சு வருகிறதா என்று பார்க்க ஏதாவது சொல்ல வேண்டும். வீட்டில் யாரும் இல்லாதபோது ஒருவன் எதைச் சொல்லிப் பார்ப்பான். நீலா என்று சொல்லிப் பார்த்தேன். பெயரின் இரண்டாவது எழுத்து வரவில்லை. இன்னொரு தரம் சொன்னேன், வரவில்லை. முக்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும், முகத்தில் நுரை காய்ந்து இழுத்தது. ஒரு தடவை முழுதாக வந்தது, நீலா. எழுந்து மீதி முகத்தையும் சவரம் செய்துவிட்டுக் காப்பி போட்டேன்.

"டோக்கன் பத்து" என்கிறாள் முல்லை. இந்தப் பெண் இங்கே வேலைக்குச் சேர்ந்து எட்டு வருஷம் இருக்கும், நீலாவுக்கு இவள்மேல் பிரியம், போகும்போதெல்லாம் கொல்லைக் கறிவேப்பிலை ஒரு கொத்து கொண்டுபோய்க் கொடுப்பாள். இன்று நான் வெறுங்கையோடு வந்திருக்கிறேன். முல்லை என்னைப் பார்த்ததும் முதலில் என் பின்னால் பார்த்தாள், அப்புறம் ஞாபகம் வந்து, "தாத்தா, சாப்ட்டீங்களா" என்று கேட்டுவிட்டு மேஜைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். பக்கத்து நாற்காலியில் நாகூர்மீரான் வந்து உட்கார்கிறார். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், என்னைவிட இரண்டு வயது சின்னவர், இந்த ஊரில் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. "என்ன கோதண்டம் அண்ணே, தண்ணி டேங்க்ல லீக்கா?" நான் நகராட்சிக் குடிநீர் மோட்டார் ரூமில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன், அதனால் எங்கே பார்த்தாலும் இதுதான் பேச்சு. சும்மா பிரஷர் பார்க்க வந்தேன் என்கிறேன். "இப்பல்லாம் நம்ம ஊர்ல ரெண்டே சாதிதான் அண்ணே. ஒண்ணு பிரஷர், இன்னொண்ணு சுகர்." நீங்க என்ன சாதி என்கிறேன். "நான் கலப்பு" என்று சொல்லிவிட்டு அவரே குலுங்கிச் சிரிக்கிறார், எதிரே உட்கார்ந்திருக்கிற அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறாள். எனக்கும் சிரிப்பு வருகிறது. சிரிக்காதீங்க, ஏறிடும். ஏறினால் என்ன. ஏறத்தானே வேண்டும், இருக்கிறது இருக்கிறபடி தெரிய வேண்டும் என்றுதானே வந்தேன். அப்படியானால் நேற்று எதற்கு ஊறுகாய் வேண்டாம் என்று எடுத்து வைத்தேன். முந்தாநாள் எதற்கு அப்பளத்தைத் தள்ளினேன். மூன்று நாளாகக் காலையில் பல் தேய்த்தவுடன் எதற்கு மறக்காமல் மாத்திரை போட்டேன், அதற்கு முந்தின மாதம் முழுக்க அட்டை ஜன்னல் கட்டையில் வெயில் காய்ந்துகொண்டிருந்ததே.

இதுதான் எங்கள் வழக்கம். நானும் அவளும் பரீட்சைக்குப் போகிற மாதிரிதான் டாக்டரிடம் போவோம். போகிற தேதி குறித்தவுடன் நீலா சொல்வாள், "ஞாயித்துக்கிழமையிலேர்ந்து உப்பைக் குறைச்சுடறேன், அந்தம்மாகிட்ட திட்டு வாங்க முடியாது." மூன்று நாள் மாத்திரை பிசகாது. நாலு தெரு நடை. டாக்டர் பட்டையைச் சுற்றி அடித்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே நீலாவதி அம்மா, நல்லா வச்சிருக்கீங்களே" என்றால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி என்னைத் திரும்பிப் பார்ப்பாள். வெளியே வந்ததும் எதிர்க்கடையில் ஆளுக்கு ரெண்டு பஜ்ஜி. தேறியதற்கு. எங்கள் மோட்டார் ரூமிலும் இதே கதைதான் நடந்தது. எஞ்சினியர் வருகிற அன்றைக்கு வெளிக்குழாய் வால்வை ரெண்டு சுற்று மூடி வைப்போம், பிரஷர் முள் மேலே ஏறி அசையாமல் நிற்கும். அவர் முள்ளைப் பார்ப்பார், நோட்டைப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், டீ குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிவிடுவார். அந்த நேரத்தில் கடைசித் தெருவில் குழாயடியில் பொம்பளைகள் குடத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள், சொட்டுத் தண்ணீர் வராது. முள் சரியாகத்தான் இருக்கும். முப்பத்தொரு வருஷம் நான் அதைப் பார்த்தவன். பார்த்தும் வீட்டுக்கு வந்து பெண்டாட்டியோடு சேர்ந்து அதையே செய்திருக்கிறேன்.

பன்னிரண்டு போகிறது. பதினொன்று எப்போது போனது, கவனிக்கவில்லை. நான் எட்டாவதோடு நின்றவன், ஆனால் படிப்பேன். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வருகிற மருத்துவக் கட்டுரைகளை வெட்டி நோட்டில் ஒட்டி வைப்பேன், மூன்று நோட்டு சேர்ந்திருக்கிறது. தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் நோட்டைப் புரட்டிச் சொல்வேன், நீலா கேலி செய்வாள், "எங்க வீட்டுல ஊசி போடாத டாக்டர் ஒருத்தர் இருக்காரு." அந்த நோட்டால்தான் வினை வந்தது. ஒருநாள் அவள், "இந்த மாத்திரை போட்டா எந்திரிக்கும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வருதுங்க, தலை சுத்துது" என்றாள். நான் நோட்டைப் பார்த்தேன். ஆரம்பத்தில் சிலருக்கு இருக்கும், பழகிவிடும் என்று இருந்தது. ஆரம்பத்தில் என்று இருந்தது. இவளுக்கு ஆரம்பம் ஆகி ஆறு வருஷம். நான், "அதெல்லாம் பழகிடும் நீலா" என்றேன். டாக்டர்கிட்ட கேட்போமா என்றாள். "போனா இன்னும் ரெண்டு மாத்திரை சேர்த்து எழுதுவாங்க" என்றேன். அடுத்த முறை இங்கே வந்தபோது டாக்டர் அவளைப் பார்த்துக் கேட்டார், "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா? வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" நீலா வாயைத் திறந்தாள். திறந்து என் பக்கம் திரும்பினாள், அவள் எப்போதும் அப்படித்தான், கடைக்காரன் பெயர் கேட்டால்கூட ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். அந்த ஒரு விநாடிக்குள் நான் சொல்லிவிட்டேன், "ஒழுங்காப் போடுறா டாக்டர். ஒரு தொந்தரவும் இல்லை." டாக்டர் என்னைப் பார்த்து, "நான் அவங்களைக் கேட்டேன்" என்றார். நீலா சிரித்தாள். "அவரு சொன்னா சரிதான்" என்றாள். வெளியே வந்து பஜ்ஜி தின்றோம். அவள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

அந்தச் சீட்டு பையில் இருக்கிறது. ஜூன் நாலாம் தேதி. அவள் போனது ஜூலை பதினைந்து. எனக்கு ராத்திரி மாத்திரை அட்டையைப் பார்க்கிற பழக்கம் உண்டு, மோட்டார் ரூம் நோட்டில் மணிக்கு ஒரு தடவை முள் எழுதிய கை, சும்மா இருக்காது. படுக்கப் போகுமுன் அவள் அட்டையை விளக்கில் காட்டிப் பார்ப்பேன். தினம் ஒரு குழி காலியாகியிருக்கும். போட்டுவிட்டாள் என்று திருப்தியாகப் படுத்துக்கொள்வேன். அவளிடம் கேட்டதில்லை. அட்டையைத்தான் கேட்டேன். போன மாசிக்கு எனக்குப் பல்வலி வந்து கிராம்பு தேடினேன், அஞ்சறைப்பெட்டியில் இல்லை, மேல்தட்டில் கையை விட்டுத் துழாவியதில் மஞ்சள் மூடி போட்ட பெருங்காய டப்பா ஒன்று வந்தது. ஆட்டினால் சலசலவென்று சத்தம். திறந்தேன். பெருங்காயம் தீர்ந்த டப்பா. உள்ளே பாதி பாதியாக மாத்திரைகள், வெட்டின ஓரம் பழுப்பேறி, பெருங்காய வாசனையோடு. கிச்சனில் நின்றபடியே எண்ணினேன். நாற்பத்தொன்று. பல்வலி எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஜூன் ஐந்திலிருந்து முப்பதுவரை இருபத்தாறு. ஜூலையில் பதினைந்து. நாற்பத்தொன்று. திருப்பித் திருப்பி எண்ணினாலும் அதேதான் வருகிறது, இப்போது இந்த நாற்காலியில் விரலை மடக்கி எண்ணினாலும் அதேதான். இங்கிருந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போன மறுநாளே ஆரம்பித்திருக்கிறாள். முழுசாகப் போட்டால் தலை சுற்றுகிறது. சொன்னால் பழகிடும் என்கிறான். போடாவிட்டால் ராத்திரி அட்டையைப் பார்க்கிறான். அதனால் ஒரு பாதி அவள் வாய்க்கு, ஒரு பாதி டப்பாவுக்கு, காலிக்குழி எனக்கு. குப்பையில் போட்டிருக்கலாமே. போட மனசு வரவில்லை அவளுக்கு, நான் மெடிக்கலில் வரிசையில் நின்று வாங்கி வந்த மாத்திரை. கோபித்துக்கொண்டுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொண்டையில நிக்குது. கடைசியில் அதைக்கூட மாத்திரைமேல்தான் போட்டாள், என்மேல் போடவில்லை.

நாகூர்மீரான் உள்ளே போய்விட்டு வெளியே வருகிறார். பதிமூன்று அவர்தான் போலிருக்கிறது. "திட்டு வாங்கியாச்சு. அடுத்து நீங்க" என்று என் தோளைத் தட்டுகிறார். எழுந்திருக்கிறேன். போய்விடலாம் என்றும் தோன்றுகிறது, வாசல் பக்கத்தில்தான் இருக்கிறது, கை நன்றாகத்தான் இருக்கிறது, பேச்சு வருகிறது, மூன்று வாரமாக ஒன்றும் இல்லை. ஓசூரில் இருக்கிற மகளிடம் சொல்லவில்லை, சொன்னால் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவாள், தேன்மொழி அவள் அம்மா மாதிரி இல்லை, பேசிவிடுவாள். மூன்றாவது நோட்டில் இந்த வியாதிக்கும் ஒரு கட்டுரை ஒட்டியிருக்கிறேன். கை மரத்து, வாய் கோணி, பேச்சுக் குழறி, சில நிமிடங்களில் தானாகச் சரியாகிவிட்டாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும், பின்னால் பெரியது வருவதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். உடனே என்ற வார்த்தைக்குக் கீழே சிவப்புப் பென்சில் கோடு, நான் போட்டதுதான். கோடு போட்டவன் மூன்று வாரம் காப்பி குடித்துக்கொண்டிருந்திருக்கிறான். பயம்தான். அங்கே போனால் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள் என்கிற பயம். போகாவிட்டால் இல்லாமல் போய்விடுமா. தனியாக இருக்கிறவன் விழுந்தால் ஒன்பது மணிக்குக் கீரையோடு வந்து பார்க்கக்கூட யாரும் இல்லை.

"வாங்க கோதண்டம் ஐயா" என்கிறார் டாக்டர். முடி இன்னும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. "ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. மாத்திரை எங்க வாங்குறீங்க?" பழைய அட்டையைக் காட்டினால் மெடிக்கலில் கொடுத்துவிடுவார்கள் என்கிறேன். "கொடுப்பாங்க. பழைய அட்டைக்குப் பிரஷர் பார்க்கத் தெரியாதே" என்று சொல்லிக்கொண்டே என் இடது கையில் பட்டையைச் சுற்றுகிறார். பட்டை இறுகுகிறது. கை அவர் மேஜைமேல் கிடக்கிறது, ஒன்றுமே நடக்காதது மாதிரி. காற்று இறங்குகிறது. எனக்கு நாடி காதில் கேட்கிறது. "நூத்து முப்பத்தாறு, எண்பத்தி நாலு. பரவாயில்லையே, நல்லா வச்சிருக்கீங்களே." எஞ்சினியர் வந்த நாள் மாதிரி முள் ஏறி நிற்கிறது. அசையாமல் நிற்கிறது. இனி கையெழுத்துப் போடுவார், நான் வெளியே போய் எதிர்க்கடையில் நிற்கலாம். "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?" அதே கேள்வி, அதே குரல். பழக்கத்தில் என் தலை பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்புகிறது. யாரும் இல்லை. நான் யார் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல.

"மூணு நாளா" என்கிறேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைக்கிறார். "அதுக்கு முன்னாடி?" இல்லை என்கிறேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை, ஊறுகாய், அப்பளம், வியாழக்கிழமை, சோப்புக் கிண்ணம், வாய், சொல்ல வராத பெயர், எல்லாம் வருகிறது, எது முன்னால் எது பின்னால் என்று ஒழுங்கில்லாமல். டாக்டர் எழுந்து வந்து என் ரெண்டு கையையும் நீட்டச் சொல்கிறார், கண்ணை மூடச் சொல்கிறார், பல்லைக் காட்டச் சொல்கிறார், விரலைப் பிடித்து இறுக்கச் சொல்கிறார். "இன்னைக்கே திருச்சிக்குப் போறீங்க. தலைக்கு ஒரு ஸ்கேன் எடுக்கணும், கழுத்து ரத்தக்குழாயும் பார்க்கணும். நான் போன் பண்ணிடறேன், அங்க நரம்பு டாக்டர் காத்திருப்பார். தனியாப் போகக் கூடாது." அப்புறம், "ஐயா, இனிமே இப்படி வந்தா பத்து நிமிஷத்துல சரியாப் போச்சுன்னு உட்கார்ந்திருக்கக் கூடாது. என்கிட்டகூட வர வேண்டாம். அந்த நிமிஷமே நூத்தி எட்டுக்குப் போன் போடணும். புரியுதா?" புரிகிறது என்கிறேன். மகள் நம்பரைக் கேட்கிறார், சொல்கிறேன், அவரே எழுதிக்கொள்கிறார். இன்னும் ஒன்று இருக்கிறது. பைக்குள் கையை விடுகிறேன். டப்பாவை மேஜையில் வைக்கிறேன். அவர் மூடியைத் திறக்கிறார், அறைக்குள் பெருங்காய வாசனை வருகிறது. ஒரு பாதியை எடுத்துப் பார்க்கிறார். "நீலாவதி அம்மாவோடதா?" தலையை ஆட்டுகிறேன். "அவங்களுக்குத் தலை சுத்தல் இருந்துச்சா?" இருந்தது என்கிறேன். உங்களிடம் சொல்ல வந்தாள், நான்தான் முந்திக்கொண்டேன் என்கிறேன். மாத்திரையை மாற்றியிருப்பேன் என்று அவர் சொல்வார் என்று காத்திருக்கிறேன். இத்தனை மாதமும் அந்த வார்த்தைக்குப் பயந்துதான் இங்கே வராமல் இருந்தேன் என்று இப்போது தெரிகிறது. அவர் சொல்லவில்லை. மூடியைப் போட்டு அழுத்தி மூடுகிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். "உங்களுக்குத் தலை சுத்துதா?" என்று கேட்கிறார். பதில் சொல்லுமுன் யோசிக்கிறேன். நன்றாக யோசித்து, "காலையில எந்திரிக்கும்போது கொஞ்சம்" என்கிறேன். எழுதிக்கொள்கிறார்.

வெளியே முல்லை போனில் ஆம்புலன்ஸா காரா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். போகாமல் நின்றுகொண்டிருந்த நாகூர்மீரான், "காரு எதுக்குத் தேடுறே, என் மருமகன் வண்டி சும்மாதான் நிக்குது, நானும் கூடப் போறேன். அண்ணே, ஸ்டியரிங் எங்கிட்ட வராது, பயப்படாம ஏறுங்க" என்கிறார். டாக்டர் சீட்டோடு வாசல்வரை வந்து, டப்பாவை நீட்டி, "இதைத் தூக்கிப் போட்டுடணும் ஐயா. மறந்துகூடச் சாப்பிட்டுடக் கூடாது" என்கிறார். சாப்பிட மாட்டேன் என்கிறேன். பையில் போட்டுக்கொள்கிறேன். டப்பாவில் நாற்பத்தொரு பாதிகள் இருக்கின்றன. சேர்த்தால் இருபது முழு மாத்திரையும் ஒரு பாதியும்.